டேண்டத்துக்கு எந்த ஃபோர்க்?

கேள்வி: சார், நானும் கண் தெரியாத என் தம்பியும் ஆறு வருஷமாக இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் ஒரு பழைய டேண்டம் சைக்கிளில் போகிறோம். நான் முன்னால், அவன் பின்னால். ஞாயிற்றுக்கிழமை திருவையாற்றிலிருந்து காவிரிக் கரையோடு கல்லணைப் பக்கம் போய் வருவோம். போன மாதம் மதகுச் சுவரில் சாத்தி வைத்திருந்த வண்டி சரிந்து விழுந்துவிட்டது. அப்போதிருந்து பிரேக் பிடித்தால் முன்னால் கிரீச்சென்று சத்தம், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கார்பன் ஃபோர்க்கின் தோளில், அதாவது இரண்டு கால்களும் மேலே சேரும் இடத்தில், தலைமுடி மாதிரி ஒரு கோடு. ஒற்றை ஆள் ரோடு பைக்கின் கார்பன் ஃபோர்க்கே இதற்குச் சேரும் என்கிறார் கடைக்காரர். மாட்டலாமா? (வாசகர், திருவையாறு)

பதில்: முதலில் அந்த வண்டியை இன்றோடு நிறுத்துங்கள். இரும்பு ஃபோர்க் என்றால் வளைந்து காட்டும், கார்பன் அப்படியில்லை, உள்ளே அடுக்கு பிரிந்துகொண்டே போய் ஒருநாள் பட்டென்று ஒடியும். பின்னால் இருக்கும் தம்பிக்குப் பள்ளம் வருவதே தெரியாது, உங்களை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஒற்றை ஆள் ஃபோர்க் வேண்டாம். வண்டியின் முன்துளையில் சேரும் என்பது உண்மைதான், ஃபோர்க்கிலிருந்து மேலே ஹேண்டிலுக்குப் போகும் 28.6 மில்லிமீட்டர் ஸ்டீரர் குழாய் இரண்டு வகை வண்டியிலும் உண்டு. ஆனால் தாங்குமா என்பது வேறு கேள்வி. நீங்கள் இரண்டு பேரும் வண்டியும் சேர்த்தால் 150 கிலோவை ஒட்டி வரும். எடையைவிடப் பெரிய விஷயம் பிரேக். தனி சைக்கிளில் முன் பிரேக்கை இறுக்கினால் பின்சக்கரம் தூக்கிவிடும், அந்தப் பயத்திலேயே கை தளர்ந்துவிடும். டேண்டத்தில் இரு சக்கரங்களுக்கும் இடையே ஒன்றே முக்கால் மீட்டர் நீளம், பின்னால் ஒரு ஆளின் கனம், அதனால் பின்சக்கரம் எழும்பவே எழும்பாது. டயர் வழுக்கும் வரைக்கும் பிரேக்கை இறுக்கலாம், அந்த விசை முழுவதையும் வாங்குவது ஃபோர்க்கின் தோள்தான். அறுவடைக் காலத்தில் நம் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது, திடீரென்று பிடிக்க வேண்டிய இடம் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே டேண்டத்துக்கு என்று தயாரிப்பாளரே எழுத்தில் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள், அல்லது அவர் சொல்லும் மொத்த எடை வரம்பு உங்கள் கணக்கைத் தாண்டி இருக்கிறதா என்று. வூண்ட் அப் என்ற அமெரிக்கக் கம்பெனி டேண்டத்துக்கென்றே கார்பன் ஃபோர்க் செய்திருக்கிறது. டிஸ்க் பிரேக் என்றால் எத்தனை மில்லிமீட்டர் தட்டு வரை அனுமதி என்பதையும் கேளுங்கள். டேண்டங்களில் 203 சாதாரணம், ரோடு ஃபோர்க்குகள் பல 160க்கு மேல் ஏற்காது.

அப்புறம் அளவு. பழைய ஃபோர்க்கைக் கழற்றி, ஆக்ஸில் நடுவிலிருந்து ஃபோர்க்கின் தோள்மேல் கீழ்க் கோன் (பேரிங் வளையம்) உட்காரும் இடம் வரை ஸ்கேல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ரோடு வகை 370 மில்லிமீட்டர் பக்கம் வரும், மண் பாதைக்கான கிராவல் வகை 395 பக்கம். 20 மில்லிமீட்டர் கூடினால் தனி சைக்கிளில் முன்பகுதி ஒரு டிகிரிக்கு மேல் சாயும், டேண்டம் நீளமாக இருப்பதால் முக்கால் டிகிரிக்குள் நிற்கும். அதனால் உயரத்தில் சிறு வித்தியாசம் பரவாயில்லை. ஸ்டீரர் குழாயின் நேர்கோட்டிலிருந்து ஆக்ஸில் எவ்வளவு முன்தள்ளி இருக்கிறது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டேண்டங்களில் 50, 55 மில்லிமீட்டர் இருக்கும், ரோடு ஃபோர்க்கில் 43, 45. அது குறைந்தால் ஹேண்டில் பழகிய மாதிரி திரும்பாது, மெதுவாகப் போகும்போது பின்னால் தம்பி கொஞ்சம் அசைந்தாலே முன்சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும்.

எழுத்தில் உறுதி கிடைக்கவில்லை என்றால் டேண்டத்துக்கான இரும்பு ஃபோர்க்கே வாங்குங்கள். கூடுவது அரைக் கிலோ பக்கம், 150 கிலோவில் அது ஒன்றுமே இல்லை, நம் ஊரில் ஏறுவதற்கு மேடு என்று இருப்பதே ஆற்றுப் பாலம்தான்.

கேள்வி: புதுக் கார்பன் ஃபோர்க்கின் ஸ்டீரர் குழாய் நீளமாக இருக்கிறது. லேத் பட்டறையில் கொடுத்து அறுக்கலாமா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: லேத் தேவையில்லை. பொடிப் பல் ஆக்ஸா பிளேடு, சுற்றிலும் ஒரு சுற்று டேப், நேராக அறுக்க ஒரு கைடு போதும். தண்ணீர் தெளித்துக்கொண்டே அறுங்கள், மூக்கை மூடுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஹேண்டிலைக் குழாயோடு பிடிக்கும் ஸ்டெம்மின் மேல் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே குழாய் நிற்கட்டும். உள்ளே நட்சத்திர நட்டை அடித்து இறக்கவே கூடாது, விரிந்து பிடிக்கும் பிளக்தான். ஸ்டெம் போல்ட்டை ஸ்டெம்மின்மேல் போட்டிருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு மேல் முறுக்காதீர்கள், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான் இருக்கும். உங்களுடையது கடலோர ஊர். உப்புக்காற்றில் அலுமினியம் கார்பனோடு ஒட்டும் இடத்தில் வெள்ளையாகப் பூக்கும், வருஷத்துக்கு ஒருமுறை ஸ்டெம்மைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.