சடங்குக்குப் பொருள் உண்டா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில் ஃப்ரிட்ஸ் ஸ்டால் என்ற ஆய்வாளரைப் பற்றி ஒரு பத்தி வந்தது. வாழ்நாளெல்லாம் வேள்விகளை ஆராய்ந்த அவர், சடங்குக்குப் பொருள் கிடையாது என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு சரியில்லை. என் தாத்தா ஐம்பது வருடம் கோயிலில் பூஜை செய்த சிவாச்சாரியார். பெரியப்பா இன்றும் செய்கிறார். நான்தான் கணினித் துறைக்கு வந்துவிட்டேன். இந்த வேலையை விட்டுவிட்டு சமயவியல் படிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இது கண்ணில் பட்டது. இத்தனை வருடம் படித்தவர் வந்து சேரும் இடம் இதுதான் என்றால் எதற்காகப் படிக்க வேண்டும்? தாத்தா செய்ததெல்லாம் வெறும் கையசைவா? நம்பிக்கை இல்லாத ஒருவருக்கு இதெல்லாம் பிடிபடுமா? தாத்தாவின் கைப்பிரதிகள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

ச.

அன்புள்ள ச.,

அந்தப் பத்தியை நான் அவசரமாக எழுதியிருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு எடுத்துப் பார்த்தபோது, ஸ்டாலுக்கும் நியாயம் செய்யவில்லை, உங்கள் தாத்தாவுக்கும் நியாயம் செய்யவில்லை என்று தோன்றியது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டால் 1930இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். அப்பா கட்டடக் கலைஞர். கணிதம், இயற்பியல், தத்துவம் என்று படித்துவிட்டு 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இங்கே அத்வைதத்தையும் கிரேக்கத்தின் புதிய பிளேட்டோனியத்தையும் ஒப்பிட்டு ஆய்வேடு எழுதினார். அதே வருடங்களில் கேரளத்துக்குப் போய் நம்பூதிரிகள் வேதம் ஓதுவதை ஒலிப்பதிவு செய்ய ஆரம்பித்தார். அவருடைய வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தது ஆய்வேடு அல்ல, அந்த ஒலிப்பதிவுகள்தான் என்று நான் நினைக்கிறேன்.

அங்கே அவர் என்ன கேட்டார் என்று பாருங்கள். ரிக்வேதத்தின் முதல் சொற்கள் 'அக்னிம் ஈளே'. 'அக்னியைப் போற்றுகிறேன்' என்று பொருள். ஜடை என்ற முறையில் ஓதும்போது இதை 'அக்னிமீளே, ஈளேக்னிம், அக்னிமீளே' என்று முன்னும் பின்னும் முன்னுமாகச் சொல்வார்கள். அப்புறம் இரண்டாம் சொல்லையும் மூன்றாம் சொல்லையும் எடுத்து அதேபோல. சடை பின்னுவதைப் போல ஒவ்வொரு ஜோடியாக வேதம் முழுக்கப் போகும். ஒரு சொல் நழுவாமல், ஒரு ஸ்வரம் பிசகாமல் காப்பாற்ற இதைவிடக் கெட்டியான வழி கிடையாது. ஆனால் சொற்களைத் திருப்பிப் போட்ட கணமே வாக்கியம் உடைந்துவிடுகிறது. காப்பாற்றப்படுவது ஒலி. பொருளுக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை. ஆசிரியர் மாணவனின் தலையைக் கையில் பிடித்து ஸ்வரத்துக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்கிச் சொல்லிக்கொடுப்பார். பொருள் தெரியாத வயதிலேயே பையனின் கழுத்துக்கு வேதம் தெரிந்துவிடும். சாமவேதத்துக்கு வந்தால் இன்னும் துலக்கம். 'ஹாவு ஹாவு' என்று ஸ்தோபங்கள் வரும். அகராதியில் தேடினால் அகப்படாத அசைகள் அவை.

கணிதம் படித்த ஒருவர் இதையெல்லாம் வருடக்கணக்கில் கேட்டால் அமைப்பைத்தானே முதலில் கவனிப்பார்? ஸ்டாலுக்குப் பாணினியின் இலக்கணத்தில் பெரிய ஈடுபாடு. கிரேக்கத்துக்கு யூக்ளிடின் வடிவியல் எப்படியோ அப்படி இந்தியாவுக்குப் பாணினியின் இலக்கணம் என்பது அவர் கருத்து. சொற்றொடருக்குள் சொற்றொடர் பொதிந்திருப்பதைப் போல வேள்விக்குள் வேள்வி பொதிந்திருப்பதை, வேள்வி விதிகளைச் சொல்லும் சிரௌத சூத்திரங்களில் அவர் கண்டார்.

1975 ஏப்ரலில், திருச்சூர் மாவட்டத்தில் பாஞ்ஞாள் என்ற கிராமத்தில், அவருடைய முயற்சியால் அக்னிசயனம் நடந்தது. நம்பூதிரிகள் அதை அதிராத்ரம் என்பார்கள். பன்னிரண்டு நாள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்கற்களை ஐந்து அடுக்காக வைத்து, சிறகு விரித்த பறவையின் வடிவில் வேதி, அதாவது வேள்வி மேடை, கட்டினார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் இடம் உண்டு, மந்திரம் உண்டு. முறைப்படி பலியிட வேண்டிய ஆடுகளுக்கு எதிர்ப்பு கிளம்பியது. அரிசிமாவை வாழையிலையில் பொதிந்து ஆட்டுக்குப் பதில் வைத்தார்கள். கடைசியில் வேள்விச்சாலைக்கே தீ வைத்துவிட்டார்கள், அதுவும் விதிப்படிதான். மொத்தமும் படமாகவும் ஒலியாகவும் பதிவாயிற்று. 1983இல் 'அக்னி' என்ற பெயரில் இரண்டு பெரிய தொகுதிகள் வந்தன. அந்த வேள்வியை அறிந்த செறுமுக்கு வைதிகர் சோமயாஜிப்பாடும் இட்டிரவி நம்பூதிரியும் அதில் அவருடன் பங்குகொண்டவர்கள். அந்த இரண்டு பேரை விட்டுவிட்டு ஸ்டாலைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படுவதில்லை. போன கட்டுரையில் அந்தத் தவறையும் செய்துவிட்டேன்.

வெளிநாட்டு அறிஞர்களின் முயற்சியிலும் பணத்திலும் கேமராவுக்கு முன்னால் நடந்தது வேள்விதானா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனாலும் அந்தப் பதிவு இல்லாவிட்டால் நாம் இழந்திருக்கக்கூடியதை நினைத்தால், அவர் செய்தது நல்லது என்றே சொல்வேன்.

இந்தப் பறவை வேதி நமக்கும் புதிதல்ல. கரிகாலனைப் பாடும் புறநானூற்றின் 224ஆம் பாட்டில் 'எருவை நுகர்ச்சி யூப நெடுந்தூண்' என்று வருகிறது. எருவை என்றால் பருந்து. பருந்து வடிவில் செய்த இடத்தில் நாட்டிய வேள்வித்தூண் என்று பழைய உரையைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். பாஞ்ஞாளின் படங்களைப் பார்த்தபிறகுதான் அந்த அடி எனக்குக் கண்ணில் தெரிந்தது. அதற்கு முன்னால் அது வெறும் உரைக்குறிப்பு.

சரி, 'பொருள் இல்லை' என்ற பேச்சுக்கு வருகிறேன். வேள்வி செய்கிறவர்களிடம் ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டால், முன்னோர் செய்தார்கள், செய்ய வேண்டியது, அதனால் செய்கிறோம் என்பார்கள். இந்தக் கல் எதைக் குறிக்கிறது என்ற யோசனையில் அவர்கள் இல்லை. இந்தக் கல் சரியான இடத்தில் உட்கார்ந்ததா என்பதில்தான் முழுக் கவனமும். இதைத்தான் ஸ்டால் 1979இல் கட்டுரையாகவும் பத்து வருடம் கழித்து ஒரு நூலாகவும் எழுதினார். சடங்கு வேறு எதையோ குறிப்பதற்கான அடையாளம் அல்ல, விதிப்படி செய்வதே அதன் உயிர் என்றார். ஒரு ராக ஆலாபனை எதைக் குறிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதனால் அது வீண் என்றாகுமா? மந்திரங்களை அவர் பறவைகளின் பாட்டோடு ஒப்பிட்டதும் இகழ்ச்சியாக அல்ல. மொழிக்கும் முந்தைய ஏதோ ஒன்று அதில் இருக்கிறது என்று நினைத்தார். பயனில்லை என்று அவர் சொல்லவேயில்லை. நான்தான் அந்த வேறுபாட்டை எழுதாமல் விட்டேன்.

இன்னொன்று. இது வெளியிலிருந்து வந்த ஒருவர் புதிதாகச் சொன்ன பேச்சும் அல்ல. வேதச் சொற்களுக்கு விளக்கம் சொல்லும் பழைய நூலான யாஸ்கரின் நிருக்தத்தில் கௌத்ஸர் என்று ஒருவர் வருகிறார். மந்திரங்களுக்குப் பொருள் கிடையாது என்பது அவர் கட்சி. யாஸ்கர் அவரைத் துரத்திவிடவில்லை. ஒவ்வொரு வாதமாக எடுத்துப் பதில் சொல்கிறார். குருடன் தூணைப் பார்க்கவில்லை என்றால் அது தூணின் குற்றமா என்று ஓரிடத்தில் கேட்கிறார். வேத விதிகளை ஆராய்ந்த தத்துவவாதிகளான மீமாம்சகர்களும் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். உங்களைப் புண்படுத்திய கேள்வி ஈராயிரம் வருடங்களுக்கு மேலாக மரபுக்குள்ளேயே உட்கார்ந்து பேசப்பட்டது. தைரியமாக நீங்களும் அதில் உட்காரலாம்.

ஆனால் ஸ்டாலோடு நான் முழுக்க உடன்படவில்லை. வைதிக வேள்வியிலிருந்து எடுத்ததை எல்லாச் சடங்குக்கும் பொருத்தினார். உங்கள் தாத்தா செய்தது ஆகம பூஜை, கோயில் வழிபாட்டு முறையைச் சொல்லும் ஆகம நூல்களின்படி செய்வது. அங்கே இது பொருந்தாது.

அதற்கு நீங்கள் போக வேண்டியது ஸ்டாலிடம் அல்ல, எலேன் புருன்னரிடம். பிரெஞ்சுக்காரர், 1920இல் பிறந்து 2005இல் மறைந்தார். பதினோராம் நூற்றாண்டில் சோமசம்பு என்ற சைவ ஆசாரியர் எழுதிய பத்ததி ஒன்று இருக்கிறது. பத்ததி என்றால் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, பூஜை செய்யும் முறையைச் சொல்லும் கையேடு. அந்த ஒரு நூலை எடுத்துக்கொண்டு பதிப்பு, மொழிபெயர்ப்பு, குறிப்பு என்று நான்கு தொகுதிகள் போட்டார். நித்திய பூஜையைச் சொல்லும் முதல் தொகுதி 1963இல் வந்தது. பவித்திரமும் பிராயச்சித்தமும் 1968இல். தீட்சையிலிருந்து அந்தியேஷ்டி என்ற ஈமச்சடங்கு, சிராத்தம் வரை 1977இல். பிரதிஷ்டையைச் சொல்லும் நான்காம் தொகுதி வந்தது 1998இல்! முதல் தொகுதிக்கும் கடைசித் தொகுதிக்கும் நடுவில் 35 வருடம். ஒரு ஆய்வாளரின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களே, இப்படித்தான் இருக்கும்.

அந்தத் தொகுதிகள் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வெளியீடுகள். அந்த நிறுவனம் 1955இல் தொடங்கியது. அங்கே என்.ஆர். பட் என்ற பெரும் பண்டிதர் இருந்தார். ஆகமச் சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்தவர். ரௌரவம், அஜிதம், மிருகேந்திரம், மதங்கபாரமேச்வரம் என்று அவர் பதிப்பித்தவற்றை நம்பித்தான் உலகத்தில் எங்கும் சைவ ஆகமப் படிப்பு நடக்கிறது. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்பை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கிட்டத்தட்ட 11,000 சுவடிகள். பெரும்பாலும் பனையோலை, தமிழ்நாட்டில் சம்ஸ்கிருதத்தை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்து. அவற்றில் எத்தனையோ உங்கள் வீட்டைப் போன்ற வீடுகளின் பரணிலிருந்து வந்தவை.

ஆகம பூஜையில் ஸ்டால் சொன்னது ஏன் நிற்காது என்றால், இங்கே கிரியை, மந்திரம் இரண்டோடு பாவனையும், அதாவது மனதால் நினைந்து செய்வதும், விதியாகவே சொல்லப்படுகிறது. உடலின் ஐம்பூதங்களைத் தூய்மையாக்கும் பூதசுத்தியில் மண்ணை நீரிலும் நீரை நெருப்பிலுமாக ஒடுக்க வேண்டும் என்று பத்ததி சொல்கிறது. கையால் ஒடுக்க முடியுமா? மனதால்தான். தன்னைச் சிவமாக்கிக்கொண்ட பிறகே சிவனைப் பூஜிக்கலாம் என்பது விதி. பொருளை நினைக்காமல் செய்தால் இங்கே விதியே நிறைவேறாது. ஸ்டால் பாஞ்ஞாளுக்குப் பதிலாக ஒரு சிவன் கோயில் கர்ப்பக்கிருகத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தால் வேறு நூல் எழுதியிருப்பார் என்று நான் நம்புகிறேன். எந்தச் சடங்கின் பக்கத்தில் உட்காருகிறோம், எந்த நூலோடு வயதாகிறோம் என்பதுதான் ஆய்வாளரின் முடிவையும் தீர்மானிக்கிறது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பத்ததியில் அர்க்கியம், அதாவது பூஜைக்குரிய நீர், தயாரிக்கும் பகுதியைப் படித்துக்கொண்டிருந்தேன். 'கவசேன அவகுண்ட்ய, தேனுமுத்ரயா அம்ருதீக்ருத்ய' என்று நாலே சொல். கவச மந்திரத்தால் மூடி, தேனு முத்திரையால் அமுதாக்கி என்று பொருள். சொல் புரிந்தது, செயல் புரியவில்லை. வயதான சிவாச்சாரியார் ஒருவரிடம் போய்க் கேட்டேன். சும்மா உட்கார்ந்தபடி சொல்லப் பார்த்தார், வரிசை தடுமாறியது. "இரும், ஒரு பாத்திரத்தில ஜலம் கொண்டாங்கோ" என்றார். தண்ணீர் வந்ததும் கை தானாகக் கிளம்பியது. இரண்டு சுட்டுவிரல்களும் கீழ்நோக்கி நீண்டு பாத்திரத்தைச் சுற்றி வந்தன. அப்புறம் பத்து விரல்களும் ஒன்றோடொன்று கோத்துப் பசுமடியின் காம்புகளாகத் தொங்கின. உதடு மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். நான் பக்கத்தில் இருப்பதே மறந்துவிட்டது. முடித்தபிறகு அந்தத் தண்ணீரைக் கீழே கொட்ட விடவில்லை. "அது இப்ப ஜலம் இல்லை" என்றார்.

உங்கள் தாத்தாவின் கையசைவு இதுதான். அது வெறும் கையசைவு இல்லை. அந்த நாலு சொல்லை எத்தனை அகராதி வைத்துக்கொண்டு படித்தாலும் அந்தக் கையைப் பார்க்காமல் எனக்கு விளங்கியிருக்காது. அதே சமயம், அவர் செய்ததற்கும் பத்ததி சொல்வதற்கும் இடையில் ஓரிடத்தில் வேறுபாடு இருந்தது. நூலைப் படித்திருந்ததால்தான் அது தெரிந்தது. இரண்டும் வேண்டும்.

நம்பிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள். நம்பாதவர்கள் அருமையாக எழுதியதைப் படித்திருக்கிறேன், நம்புகிறவர்கள் சோம்பேறித்தனமாக எழுதியதையும். எதிரில் இருப்பவர் செய்வதை அவர் எவ்வளவு முக்கியமாக நினைக்கிறாரோ அவ்வளவு முக்கியமாக நீங்களும் எடுத்துக்கொண்டால் போதும்.

வேலையை இப்போதே விடாதீர்கள். கிரந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்து தெரிந்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் போதும். சம்ஸ்கிருதத்துக்கு வருடங்கள் ஆகும், அதை வேலையோடு சேர்த்தே தொடங்கலாம். பரணில் இருப்பதை முதலில் இறக்குங்கள். ஓலையா காகிதமா என்று பாருங்கள். ஓலையாக இருந்தால் கட்டைப் பலவந்தமாகப் பிரிக்க வேண்டாம், விளிம்பு நொறுங்கும். கண்டதையும் தடவவும் வேண்டாம். மேலே தெரியும் ஏட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். என்ன நூல் என்று தெரிந்தவர்களிடம் காட்டிச் சொல்கிறேன்.

பெரியப்பா இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு நேரம் இருக்கும் ஒரு மத்தியான வேளையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு போய் உட்காருங்கள். கேள்வி கேட்காமல் முதல்முறை முழுக்கப் பாருங்கள். அவர் அனுமதித்தால் இரண்டாவது முறை செல்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள், கை தெரியும்படி.