ஃப்ரீபிஎஸ்டியை மறுபடி கம்பைல் செய்யாமல் பாதுகாப்பு பேட்ச் போடலாமா?

சிம்மக்கல் ஜெராக்ஸ் கடை சர்வரில் ஃப்ரீபிஎஸ்டி 14 என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடுகிறது, கம்பைல் செய்யாமலே, அதாவது மூல நிரலிலிருந்து மறுபடி கட்டாமலே, பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும்.

ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) நுழைந்து 'ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் ஃபெட்ச்' கொடுங்கள். மாறப்போகும் கோப்புகளின் பட்டியல் வரும். பொறுமையாகப் படித்துவிட்டு 'க்யூ' அழுத்துங்கள். அப்புறம் 'ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் இன்ஸ்டால்'. காலின் பெர்சிவல் எழுதிய கருவி இது. பழைய கோப்புக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் இறக்குவதால் டேட்டா அதிகம் செலவாகாது.

டவுன்ஹால் ரோட்டில் நான் பார்த்துக்கொள்ளும் மெஷினில் ஒருமுறை கம்பைல் பாதியில் கரண்ட் போய், ராத்திரி முழுக்க வீணானது. இந்த வழியில் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

கர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதி, மாறியிருந்தால் கட்டாயம் ரீபூட் செய்யுங்கள். இல்லாவிட்டால் பழைய ஓட்டையோடுதான் ஓடும். கர்னலை நீங்களே மாற்றிக் கட்டியிருந்தால், அதை மட்டும் மறுபடி கட்டத்தான் வேண்டும். ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப 'ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் ரோல்பேக்' இருக்கிறது.