உலக ஒப்பந்தத்தைக் காட்டி உங்கள் மீன் குட்டை மானியத்தில் கை வைக்கிறார்கள்

கேள்வி: பாரூர் பக்கம் ஒரு ஏக்கரில் மீன் குட்டை வெட்ட மானியத்துக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். ‘உலக வர்த்தக ஒப்பந்தம் வந்துடுச்சு, இனி மீன் மானியமே கிடையாது. 15 ஆயிரம் கொடுங்க, பழைய தேதியில ஃபைலை உள்ளே தள்ளிடறேன்’ என்கிறார் ஒரு ஏஜென்ட். கொடுக்கலாமா ஐயா?
– வாசகர், போச்சம்பள்ளி வட்டம்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தம் இருப்பது உண்மைதான். உலக வர்த்தக அமைப்பு 2022 ஜூனில் ஜெனீவாவில் நிறைவேற்றியது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்டதால் 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று ஏற்றிருந்த நாடுகளில் இந்தியா இல்லை. நாளை இந்தியா கையெழுத்துப் போட்டாலும் உங்கள் குட்டைக்கு ஒன்றும் ஆகாது.

காரணம், அது கடலில் பிடிக்கும் மீனுக்கான சட்டம். திருட்டுத்தனமாக மீன் பிடிக்கும் கப்பலுக்கும், ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்து வற்றிப்போன மீன் இனத்தைத் துரத்துவதற்கும் அரசு பணம் கொடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். மீன் வளர்ப்பும் உள்நாட்டு மீன்பிடிப்பும் இதில் சேராது என்று முதல் பிரிவின் அடிக்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் குட்டையில் விடும் கட்லா, ரோகு சேராது. கிருஷ்ணகிரி அணையில் வலை போடுபவர் பிடிக்கும் மீன் சேராது. ஒகேனக்கல்லில் பரிசலில் போய்ப் பிடிக்கும் மீனும் சேராது. நாகப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கும் உறவினர் யாராவது இருந்தால், யோசிக்க வேண்டியவர் அவர்தான், நீங்கள் இல்லை. அந்த அடிக்குறிப்பின் ஒரு வரியைத் தமிழில் அச்சடித்து மீன்வளத் துறை அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தால் அந்த ஏஜென்டுக்கு வாய் திறக்க வழியே இருந்திருக்காது. ஒட்டுவதற்கு ஏன் இத்தனை தயக்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது உங்கள் பணக் கணக்கு. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், புதுக் குட்டை வெட்ட ஹெக்டேருக்கு 7 லட்சம் ரூபாய் என்று செலவை நிர்ணயித்திருக்கிறார்கள். ஒரு ஏக்கருக்குச் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம். அதில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், அதாவது 1 லட்சத்து 12 ஆயிரம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவீதம். ‘மொத்தச் செலவும் கவர்மென்ட் தரும்’ என்று எவன் சொன்னாலும் பொய். வேலை முடிந்து, அதிகாரிகள் வந்து அளந்து பார்த்த பிறகே மானியம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறும். அதுவரை கைக்காசுதான்.

ஏஜென்டுகள் புகுவது இந்த இடைவெளியில்தான். குட்டையை அளந்துவிட்டுப் போன பிறகும் கோப்பு மேசை மேசையாக நகரும். வெட்டக் கடன் வாங்கியவருக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும். ‘நான் சீக்கிரம் முடிச்சுத் தரேன்’ என்று ஒருவன் வருவான். எழுதாத பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பான். பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் ‘என்கிட்டயே இருக்கட்டும்’ என்பான். மோட்டார், ஏரேட்டர் (குட்டை நீரில் காற்றைக் கலக்கும் கருவி) என்று வாங்காத பொருளுக்கு பில் போட்டுத் தருவான். அந்த பில் பொய்யென்று தெரிந்தால் மாட்டுவது விண்ணப்பத்தில் பெயர் உள்ள நீங்கள்தான். பழைய தேதி போடுவதும் அதே வகைதான். நீங்கள் கேட்கும் மானியத்துக்கு அது தேவையே இல்லை.

இன்னொன்று. இதே ஆட்கள் ‘சீக்கிரம் வளரும்’ என்று மீன் குஞ்சும் விற்பார்கள். அது ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருந்தால் தொடவே தொடாதீர்கள். இந்தியாவில் அதை வளர்க்கத் தடை உண்டு. மழையில் குட்டை வழிந்து ஏரிக்குப் போய்விட்டால் நம் நாட்டு மீன்களைத் தின்று தீர்த்துவிடும். பிறகு அதை வெளியேற்ற யாராலும் முடியாது. குஞ்சுகளை அரசு மீன் பண்ணையிலோ, துறையில் பதிவு பெற்ற பண்ணையிலோ ரசீதோடு வாங்குங்கள்.

நிலப் பத்திரம், பட்டா, ஆதார், பாஸ்புக் நகலோடு கிருஷ்ணகிரி மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு நேரில் போய் விண்ணப்பியுங்கள். நிலம் மனைவி பெயரில் இருந்தால் விண்ணப்பத்தையும் அவர் பெயரிலேயே போடலாமா என்று அங்கே கேளுங்கள். விண்ணப்பம் பெற்றதற்கு அத்தாட்சி வாங்காமல் வெளியே வராதீர்கள். வேலை அனுமதி கைக்கு வரும்வரை மண்ணில் பொக்லைனை இறக்காதீர்கள். முன்பே வெட்டிய குட்டையைப் புதுக் குட்டை என்று ஏற்க மாட்டார்கள்.