கோல்ஃப் கிரீன் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கோல்ஃப் மைதானத்தின் கிரீன்களில் (குழி இருக்கும், ஒட்ட வெட்டிய புல்தரை) டிஃப்டுவார்ஃப் புல். 3.2 மி.மீ. உயரத்தில் வெட்டுகிறோம். புல் சாய்ந்த பக்கமே பந்து இழுத்துக்கொண்டு போகிறது. மெஷினில் இப்போது குரூமர் மாட்டியிருக்கிறோம். எவ்வளவு ஆழம் வைக்கலாம்? – சென்னை வாசகர்

டிஃப்டுவார்ஃப் நம் அருகம்புல்லின் கலப்பினம்தான். அருகம்புல் எப்படித் தரையோடு ஓடிக் கொடி விடுமோ, அதே குணம் இதற்கும் உண்டு. படுத்துக் கிடக்கும் கொடியின் மேல் ரீல் (மெஷினில் சுழன்று புல்லை வெட்டும் உருளை) சும்மா வழுக்கிப் போய்விடும். அந்தக் கொடியைக் கிளப்பி, நறுக்கி, இலையை நிமிர்த்தி ரீலுக்குக் கொடுப்பதுதான் குரூமரின் வேலை. ரீலுக்கு முன்னால் சுழலும் அந்த மெல்லிய கத்திகளைச் சிக்கெடுக்கும் சீப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். அவை மண்ணைத் தொடவே கூடாது.

குரூமருக்கு முன், ரீலும் பெட்நைஃபும் (ரீலுக்கு அடியில் அசையாமல் இருக்கும் கத்தி) சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காகிதம் சுத்தமாக வெட்டுப்பட வேண்டும். மழுங்கிய ரீலோடு குரூமரை ஓட்டினால், நிமிர்ந்த இலை கிழிந்து, மறுநாள் நுனி வெளுத்து நிற்கும்.

அடுத்து இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள். கேஜ் பாரை (வெட்டு உயரம் அளக்கும் சட்டம்) முன், பின் ரோலர்கள் மீது வைத்து வெட்டு உயரத்தை 3.2-க்குக் கொண்டு வாருங்கள். பிறகு குரூமர் கத்தியின் முனையை அதற்கு 0.5 மி.மீ. கீழே, அதாவது 2.7-ல் நிறுத்துங்கள். இடது, வலது இரண்டு முனைகளிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். வெட்டு உயரத்தில் பாதிக்குக் கீழே, உங்களுக்கு 1.6-க்குக் கீழே, எந்தக் காரணத்துக்காகவும் இறக்காதீர்கள். பட்டறையில் அளந்த உயரம் தரையில் அப்படியே வராது. மழை பெய்து இளகிய கிரீனில் ரோலர் அமுங்கும். கத்தி நீங்கள் வைத்ததைவிட ஆழமாக இறங்கும். அன்றைக்குக் குரூமரை எடுக்காமல் இருப்பதே நல்லது.

புல் நன்றாக வளரும் மாதங்களில் வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை போதும். ஒவ்வொரு முறையும் திசையை மாற்றுங்கள். மாதம் ஒருமுறை ஆழமாகக் கீறுவதைவிட, வாராவாரம் மேலோட்டமாக வருடுவதுதான் கிரீனுக்கு நல்லது. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து அடித்திருந்தால் புல் தேறுவதற்கு நாள் எடுக்கும், இடைவெளியைக் கூட்டுங்கள்.

கேள்வி: குரூமர் ஓட்டிய பிறகு கிரீனின் விளிம்பைச் சுற்றி வளையம் போல் பழுப்புத் தழும்பு விழுகிறது. நடுவில் ஒரே ஒரு கோடும் தெரிகிறது. – கோயம்புத்தூர் வாசகர்

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. விளிம்புச் சுற்றில் மெஷின் வளைந்துகொண்டே போகிறது. கத்திகள் நேராக நறுக்காமல் பக்கவாட்டில் இழுபடுகின்றன. அதுவும் ஒவ்வொரு முறையும் அதே தடத்தில். கடைசிச் சுற்றுக்குக் குரூமரைத் தூக்கிவிட்டு ரீலால் மட்டும் வெட்டச் சொல்லுங்கள். கிரீனுக்குள் திரும்பும்போதும் இதே விதிதான். ஓட்டுநருக்கு இதைக் கட்டாயமாகச் சொல்லிப் பழக்குங்கள். பெரும்பாலான தழும்புகள் இங்கேதான் உண்டாகின்றன.

நடுவில் ஒற்றைக் கோடு விழுந்தால் ஏதோ ஒரு கத்தி வளைந்திருக்கும். ஒரு பக்கம் முழுக்கப் பட்டையாக விழுந்தால், அந்த முனை மற்றதைவிடத் தாழ்ந்திருக்கும். கத்தி முனை உருண்டு போயிருந்தாலும் பாருங்கள்: உருண்ட முனை கொடியை நறுக்காமல் அமுக்கும். பல மாடல்களில் கத்திகள் கோத்த ஷாஃப்டைத் திருப்பி மாட்டி மறு விளிம்பைப் பயன்படுத்தலாம்.

கேள்வி: குரூமர் இருக்கும்போது வெர்டிகட் (செங்குத்துக் கத்திகளால் புல்லைக் கீறுவது) எதற்கு? – மதுரை வாசகர்

ஒன்று மற்றதற்கு மாற்றாகாது. குரூமர் இலையையும் மேல் கொடியையும் கவனிக்கும். அடியில் சேர்ந்த தாட்சை (காய்ந்த தண்டு, வேர்களின் அடுக்கு) அது தொடாது. அதற்கு இன்னும் ஆழமாக இறங்கும் வெர்டிகட்தான் வேண்டும். குரூமரை ஒழுங்காக ஓட்டினால் வெர்டிகட்டின் கடுமையைக் குறைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கேள்வி: மணல் தூவிய மறுநாளே குரூமர் ஓட்டலாமா? பலன் கிடைத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – பெங்களூரு வாசகர்

கூடாது. கத்தி மணலைக் கிளப்பி ரீலுக்குள் வீசும். ரீலும் பெட்நைஃபும் சீக்கிரமே முனை மழுங்கிவிடும். மணல் முழுக்க உள்ளே இறங்கட்டும். வரிசையை மாற்றி, முதலில் குரூமர், பிறகு மெல்லிய மணல் என்று வைத்துக்கொண்டால், கத்தி திறந்துவிட்ட இடைவெளியில் மணலும் எளிதாக இறங்கும். கடும் வெயிலில் புல் வாடும்போதும், பூஞ்சை நோய் தெரியும்போதும், காற்றோட்டத்துக்காகத் துளையிட்ட குழிகள் மூடாதபோதும் ஓட்ட வேண்டாம்.

பலனைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், ஸ்டிம்ப்மீட்டரால் (பந்தை உருட்டிவிட்டு கிரீனின் வேகத்தை அளக்கும் சாய்வுப் பட்டை) அளக்கலாம். சமமான இடத்தில் ஒரு திசையில் மூன்று பந்துகள், எதிர்த்திசையில் மூன்று பந்துகள் உருட்டுங்கள். ஒரு திசையில் உருட்டிய மூன்றும் ஒன்றுக்கொன்று 8 அங்குலத்துக்குள் நிற்காவிட்டால் அந்த அளவை விட்டுவிட்டு மறுபடி உருட்டுங்கள். குரூமர் தொடங்கும் முன் ஒருமுறையும், சில வாரங்கள் கழித்து அதே இடத்தில் ஒருமுறையும் எழுதி வையுங்கள். இரு திசைகளுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்திருந்தால் புல்லின் சாய்வு குறைந்திருக்கிறது. குறையவே இல்லையென்றால் ஆழத்தைக் கூட்டும் முன், நீங்கள் தேர்ந்த இடம் உண்மையிலேயே சமம்தானா என்று லெவல் வைத்துப் பாருங்கள்.