கிச்சன் கேபினெட்: எதை நீங்களே செய்வது, எதற்குக் கூலி கொடுப்பது?

கேள்வி: கிச்சன் கேபினெட்டையும் மேடைக் கல்லையும் நானே செய்தால் கூலி மிச்சமாகும் என நினைக்கிறேன். கீழே 6 பெட்டி, மேலே 4. கையில் 5 மாதச் செலவுக்கான சேமிப்பு உள்ளது. அதை எடுக்கலாமா, தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: பெட்டிகளைத் தாராளமாக நீங்களே செய்யுங்கள். கல்லைத் தொடாதீர்கள். சேமிப்பில் 3 மாதச் செலவுக்கான தொகை அப்படியே இருக்கட்டும். மீதியை மட்டும் எடுங்கள்.

முதலில் அளவுக் கணக்கு. கீழ்ப்பெட்டி 600 மி.மீ அகலம், 720 உயரம், 560 ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 2440-க்கு 1220 ஷீட்டில் 560 அகலப் பட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் பக்கப் பலகை மூன்று. ஆக 12 பக்கங்களுக்கு 2 ஷீட். அடிப்பலகை, நடுத்தட்டு, மேல் குறுக்குச் சட்டங்களுக்கு 2, கதவுக்கு 1. ஆறு கீழ்ப்பெட்டிக்கும் மொத்தம் 18 மி.மீ பிளைவுட் 5 ஷீட், முதுகுக்கு 6 மி.மீ 1 ஷீட். ஆழத்தை 610 ஆக்கினால் 1220-ல் சரியாக இரண்டு வரும் என்று காகிதத்தில் தோன்றும். ஆனால் பிளேடு 3 மி.மீ தின்றுவிடும், இரண்டாவது பட்டை 607-தான் தேறும். பாதி வேலையில் இன்னொரு ஷீட் வாங்க ஓடுவது இப்படித்தான். பெரிய ரம்பம் வாங்கவும் வேண்டாம். வெட்டுப் பட்டியலைக் கொடுத்துக் கடையிலேயே வெட்டி வாங்குங்கள்.

பலரும் பட்ஜெட்டில் விட்டுவிடுவது சில்லறைச் சாமான்களை: கீழ்ப்பெட்டிகளுக்கு 12 கீல், அடியில் பொருத்த 24 கால், டிராயர் சேனல், விளிம்புப் பட்டை. கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும் லேமினேட் ஒட்டினால் பலகை வளையும். உள்பக்கத்துக்கும் சேர்த்தே காசு ஒதுக்குங்கள்.

கல்லை ஏன் விடச் சொல்கிறேன்? சிங்க்குக்குத் துளை போட்டதும் முன்னால் மிஞ்சுவது ஒடுங்கிய பட்டை. தூக்கும்போது கல் விரிசல் விடுவது பெரும்பாலும் அங்கேதான். விரிசல் விட்டால் முழுக் கல்லும் போச்சு, கூலியில் மிச்சம் பிடித்ததும் போச்சு. அளவெடுப்பு, வெட்டு, பொருத்துதல் மூன்றும் ஒருவரே பொறுப்பு, உடைந்தால் அவர் செலவு என்று எழுதி வாங்குங்கள்.

கடன் பற்றி: 'வெறும் 12 சதவீதம்' என்பது ஃபிளாட் வட்டியா, அதாவது கட்டிய அசலைக் கழிக்காமல் முழுக் கடனுக்கும் கடைசிவரை போடும் வட்டியா என்று கேளுங்கள். ஃபிளாட் என்றால் 3 ஆண்டில் அசலுக்கு மேல் 36 சதவீதம் கட்டுவீர்கள். மீதி அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் நிலுவைக் கணக்கில் அது ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல். நீங்கள் மிச்சம் பிடிக்கும் கூலியை வட்டியே விழுங்கிவிடும்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். கீழ்ப்பெட்டியும் கல்லும் முதலில். கல் உட்காரப் பெட்டி வேண்டும், எனவே இவை பிரியாது. 2 மாதத் தொகைக்குள் இது அடங்காவிட்டால், சேரும்வரை ஆரம்பத்தைத் தள்ளிப்போடுங்கள். மேல்பெட்டி நான்கையும் மாதச் சேமிப்பிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்யலாம்; அவை இல்லாமலும் அடுப்பு எரியும். சுவர் நேர்கோணத்தில் இருப்பது அபூர்வம் என்பதால், பெட்டிகளை மட்டம் பார்த்து நிறுத்திய பிறகே கல்லுக்கு அளவெடுக்கச் சொல்லுங்கள். முன்பணமும் அன்றைக்கே கொடுத்தால் போதும்.