அடுத்தது எப்போது? மூளையின் கணிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: நேரம் பார்க்க மூளைக்குள் ஒரே கடிகாரம்தான் இருக்கிறதா?

இல்லை. தூக்கம், விழிப்பு என்ற ஒருநாள் சுழற்சிக்கு, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் தனி மையம் உண்டு. ஒன்றிரண்டு நொடிகளுக்குள் வரப்போவதைக் கணிப்பது வேறு வேலை. சிறுமூளை, மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பணுத் தொகுதிகளான பேசல் கேங்க்லியா, பெருமூளைப் புறணியின் (வெளி அடுக்கின்) இயக்கப் பகுதிகள் எல்லாம் சேர்ந்துதான் அதைச் செய்கின்றன.

கேள்வி: அதில் எந்தப் பகுதிக்கு என்ன வேலை?

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அசாஃப் பிரெஸ்கா, ரிச்சர்ட் ஐவ்ரி என்ற ஆய்வாளர்கள் செய்து 2018-இல் வெளியிட்டது. திரையில் ஓர் இலக்கு தோன்றியதும் பட்டனை அழுத்த வேண்டும். அது எப்போது வரும் என்பதற்குச் சில சமயம் சீரான தாளம் துப்புக் கொடுக்கும். சில சமயம் ஒரே ஒரு இடைவெளியை நினைவில் வைத்துக் கணிக்க வேண்டும். நலமாக இருப்பவர்களுக்கு இரண்டுமே உதவும். சிறுமூளை சிதைந்தவர்களுக்குத் தாளம் உதவியது, ஒற்றை இடைவெளி உதவவில்லை. பேசல் கேங்க்லியா பாதிக்கப்பட்ட பார்க்கின்சன் நோயாளிகளிடம் அப்படியே தலைகீழ். வெளியே ஒரே திறமை போலத் தெரிவது உள்ளே இரண்டு வழிகளில் நடக்கிறது!

முயல்களிடமும் இதன் ஒரு பாதியை, அதாவது ஒற்றை இடைவெளியில் சிறுமூளையின் பங்கைப் பார்க்கலாம். ஓர் ஒலி, சற்று நேரத்தில் கண்ணில் காற்று என்று பழக்கினால், காற்று வரும் நேரத்துக்குச் சரியாக இமை மூடும். சிறுமூளையின் புறணி பழுதானால் இமை மூடும், ஆனால் நேரம் தப்பி, முன்கூட்டியே மூடிவிடும்.

கேள்வி: பார்க்கின்சன் உள்ள என் அப்பா, பாட்டுப் போட்டால் நன்றாக நடக்கிறார். நீங்கள் சொல்வதற்கு இது முரண் இல்லையா?

நல்ல கேள்வி. தாளத்தை உள்ளுக்குள் உருவாக்கித் தொடர்வதில்தான் அவருக்குச் சிரமம். வெளியிலிருந்து தாளம் தொடர்ந்து கேட்டால், சிறுமூளையும் புறணியும் அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன என்பதே பரவலான விளக்கம். இயன்முறை மருத்துவர்கள் இதற்காகவே, சீரான இடைவெளியில் ஒலி எழுப்பும் மெட்ரோனோம் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அப்பாவின் இயல்பான நடைக்கு ஒத்த வேகத்தில் பாட்டைத் தேர்ந்தெடுங்கள். முதலில் மருத்துவர் பார்வையில் நடக்கவிடுங்கள், விழுந்துவிடக் கூடாது.

கேள்வி: எதிர்பார்த்தது வராவிட்டால்?

மூளை அதையும் கவனிக்கிறது. நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் பதிவு செய்தது இது: பழகிய சைகைக்குப் பின் பழச்சாறு வரவில்லை என்றால், அது வந்திருக்க வேண்டிய அதே நேரத்தில், டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நியூரான்களின் (நரம்பணுக்களின்) துடிப்பு குறைந்துவிடுகிறது.