24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் மியூசிக் சிஸ்டம்: ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் லைன் எடுக்கலாமா?

எடுக்காதீங்க அண்ணே. பாட்டு உடனே பாடும், அதனாலதான் பலரும் ஏமாறுறாங்க.

லாரியில இரண்டு 12 வோல்ட் பேட்டரி ஒண்ணோட பிளஸ் இன்னொண்ணோட மைனஸ்ல சேர்ந்து வரிசையா (சீரிஸ்) இருக்கு. இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் சேர்த்து 28 வோல்ட் தருது. யாருக்கு எவ்வளவுன்னு அது பார்க்காது. பாட்டுக்கு லைன் கொடுத்த பேட்டரி இறங்கி 13-ல நின்னா, மற்றது 15-க்கு ஏறும். ஒண்ணு பட்டினி, இன்னொண்ணு கொதிச்சுத் தண்ணி வத்தும். குளச்சலுக்கு மீன் ஏத்தப் போற எங்க வண்டியில இதைக் கண்ணால பார்த்தேன்: ஒரு பேட்டரியில பிளேட் வெளியே தெரியுற அளவுக்குத் தண்ணி இல்ல, பக்கத்துல இருந்தது நிறைஞ்சு நின்னுது. கடைசியில ஜோடியாத்தான் மாத்தினோம்.

24-ஐ 12 ஆக்குற கன்வெர்ட்டர் வாங்குங்க. 60 வாட் செட் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், அதனால 10 ஆம்பியர் கன்வெர்ட்டர் நிம்மதி. 24 பக்கம் சுமார் 3 ஆம்பியர்தான் போகும். ரெசிஸ்டர் (கரண்டைத் தடுக்குற பொருள்) போட்டு வோல்ட்டைக் குறைக்கலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. இன்னொரு 60 வாட் வெறும் சூடாப் போகும், டேஷ்போர்டுக்குள்ள அது ஆபத்து.

பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 24 பக்க லைன்ல 5 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். சாவியைத் திருப்பினா மட்டும் கரண்ட் வர்ற மாதிரி ரிலே (கரண்டால இயங்குற சுவிட்ச்) வையுங்க. கடற்கரை ஓட்டம்னா உப்புக்காத்துல டெர்மினல் சீக்கிரம் பூத்துப்போகும், வாஸ்லின் தடவிவிடுங்க.